சக்கரச் சரித்திரம் – 17: தேயும் டயரும் திறக்கும் இறக்கையும்

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கிய நம் மோட்டார்ப் பந்தயம், 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு நிரந்தரப் பாதையைப் பெற்ற விருத்தாந்தத்தோடு சென்ற பகுதி முடிந்தது. அந்தப் பாதையில் ஃபார்முலா மாருதி கார் ஓட்டிப் பழகி, பிறகு உலக அரங்கில் ஏறிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனைத் தொடர்ந்து செல்வதே இந்தப் பகுதியின் காரியம். அவரைத் தொடர்வதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. பந்தயத்தில் விறுவிறுப்பு குறைந்துவிட்டது என்று உலகமெங்கும் முறையீடு எழுந்த காலத்தில், அதைக் கூட்டுவதற்காக விதி வகுப்பவர்கள் செய்து பார்த்த பரீட்சைகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பிரத்தியட்சமாக அனுபவித்தவர் அவர்.

இந்த வரிகள் எழுதப்படும் செலியமேட்டில் டயர் என்பது தூரத்து விஷயமன்று. பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த இவ்வூருக்கு மேற்கே, நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கத்தில், எம்.ஆர்.எஃப். கம்பெனியின் பெரிய டயர்த் தொழிற்சாலை இயங்குகிறது. 1946-இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையின் வழித்தோன்றல் அது. பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தும் எவரும் இங்கே முதலில் பார்ப்பது டயரின் பட்டனைத்தான். பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் ‘இனிமேல் ஓட்டாதீங்கண்ணே, மழையில வழுக்கிடும்’ என்று கடைக்காரர் கண்டித்துச் சொல்லிவிடுவார். பந்தயக் காரின் டயரோ பிறக்கும்போதே மொட்டையாய்ப் பிறப்பது. பட்டன் என்பது தண்ணீரை வழித்து வெளியே தள்ளுவதற்கு வெட்டப்பட்ட கால்வாயேயன்றி வேறில்லையாதலால், உலர்ந்த சாலையில் அது இல்லாதபோதுதான் ரப்பர் முழு அகலமும் தரையைப் பற்றுகிறது. அந்தப் பற்றும் எப்போதும் ஒரே அளவில் நிற்பதன்று. குளிர்ந்த ரப்பர் கட்டையைப்போல் வழுக்கும். பதமான சூட்டில் பிசினைப்போல் ஒட்டும். சூடு மிஞ்சினால் மேற்புறம் உருண்டு திரண்டு, துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, பாதையின் ஓரத்தில் கறுப்பு மணிகளாய்க் குவிந்து கிடக்கும். அந்த மணிகளின் மேல் சக்கரத்தை விட்டவன் அடுத்த வளைவில் தடுமாறுவான். இந்தப் பதத்தைக் கையாலும் இடுப்பாலும் உணர்ந்து ஓட்டுகிற சாமர்த்தியமே பந்தயக் கலையில் பாதிக்கு மேல் என்று சொன்னால் மிகையாகாது.

பாகூரும் செலியமேடும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த நாளிலேயே, பிரெஞ்சு தேசத்தில் டயர் ஒரு பந்தயத்தின் தலைவிதியை நிர்ணயித்திருக்கிறது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், காற்றடைத்த டயரை மோட்டார் வண்டிக்கு முதன்முதல் மாட்டிக்கொண்டு புறப்பட்ட மிஷெலின் சகோதரர்கள், கையிருப்பாகக் கொண்டுபோன 22 டியூப்களையும் வழியிலேயே தீர்த்துவிட்டு, குறித்த நேரம் கடந்த பிறகே வந்து சேர்ந்தார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 1906 ஜூன் மாதத்தில், லெ மான் நகருக்கு அருகே இரண்டு நாள் நடந்த முதல் கிராண்ட் பிரியில், வெயிலில் சாலையின் தார் உருக, கூரிய கற்கள் டயர்களைக் கிழித்தெறிய, மற்றவர்கள் கத்தியும் நெம்புகோலுமாகக் கால்மணி நேரம் போராடிக்கொண்டிருந்தபோது, ரெனோ காரில் வந்த ஃபெரெங்க் சிஸ் என்பவர், மிஷெலின் கம்பெனி புதிதாகச் செய்து கொடுத்த கழற்றி மாட்டும் வளையத்தின் உபகாரத்தால், சில நிமிஷங்களில் டயரை மாற்றிக்கொண்டு புறப்பட்டு வெற்றி பெற்றார். ஆகவே, டயர் பந்தயத்தைக் கெடுக்கிறது என்றும் டயர்தான் பந்தயம் என்றும் இன்று நடக்கும் வழக்கு நூற்றாண்டைக் கடந்த வழக்கு.

முந்துவது அரிதாகிப்போன கதை அவ்வளவு பழையதன்று. 1960-களின் பிற்பகுதியில் பந்தயக் கார்களுக்கு இறக்கைகள் முளைத்தன. விமானத்தை மேலே தூக்கும் இறக்கையைத் தலைகீழாக்கிப் பொருத்தினால் அது காரைத் தரையோடு அழுத்தும். அழுத்தம் கூடினால் வளைவில் வேகம் கூடும். ஆனால் முன்னே செல்லும் கார் கிழித்துவிட்டுப் போகும் காற்று கலங்கிச் சுழல்வதால், பின்னே நெருங்கி வருகிற காரின் இறக்கைக்கு நல்ல காற்றுக் கிட்டுவதில்லை. வளைவில் அது நழுவுகிறது. நழுவுகிற டயர் சூடேறிக் கெடுகிறது. வேகம் மிகுந்தவன் வேகம் குறைந்தவனுக்குப் பின்னால் மணிக்கணக்காகக் கட்டுண்டு கிடக்கும் அவல நிலை இப்படித்தான் உண்டாயிற்று. இறக்கையின் குற்றத்தை டயர் சுமந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த 2005-ஆம் ஆண்டு, டயர் விஷயத்தில் விசித்திரமான ஆண்டு. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே தொகுதி டயர்தான், நடுவில் மாற்றக்கூடாது. போதாக்குறைக்கு, மிஷெலின், பிரிட்ஜ்ஸ்டோன் என்னும் இரு கம்பெனிகளுக்குள் கடும் போட்டி வேறு. இந்த விதியால் மெய்யான பரபரப்பும் உண்டாகாமலில்லை. மே 29 அன்று நூர்பர்க்ரிங்கில், முன் டயரைத் தேய்த்துப் பள்ளமாக்கிக்கொண்ட கிமி ராய்க்கோனென், அந்தச் சக்கரம் நடுங்கக் காரே அதிர, முதலிடத்தை விடாமல் கடைசிச் சுற்று வரை வந்து, அந்தச் சுற்றின் தொடக்கத்தில் சக்கரம் தாங்கும் அமைப்பு முறிந்து வெளியேறியதைக் கண்டவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ஆயினும் ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிற பரபரப்பு அது. அப்படிப்பட்ட பரபரப்பை விதியின் பயனென்று பாராட்ட மனம் ஒப்பவில்லை.

அடுத்த மாதமே இண்டியானாபொலிஸில் அந்த ஆபத்து முழு உருவில் வெளிப்பட்டது. அந்த அமெரிக்கப் பாதையின் 13-ஆம் வளைவு சாய்தளமாகக் கட்டப்பட்டது. கார்கள் மிகு வேகத்தில் அதில் பாய்ந்து வரும்போது டயரின் பக்கச்சுவர் பெரும்பாரத்தைத் தாங்க வேண்டும். பாதையின் மேற்பரப்பும் முந்தின ஆண்டுக்குப் பின் புதிதாக்கப்பட்டுக் கோடு கோடாகச் சீவப்பட்டிருந்தது. ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடது பின் டயர் அந்த வளைவில் சிதைந்து, கார் சுவரில் மோதிற்று. மிஷெலின் கம்பெனியார் தங்கள் டயர்களைப் பரிசோதித்து, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் பந்தய தூரம் முழுதும் இவை தாங்குமென்று உறுதி கூற இயலாது என ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கம்பெனி தன் சரக்கைப்பற்றி அவ்வாறு சொல்வது எளிதல்ல. அந்த நேர்மைக்கு மதிப்புத் தரத்தான் வேண்டும். பிரிட்ஜ்ஸ்டோனுக்கு அந்தக் கஷ்டம் நேராததற்குக் காரணம், அதன் கிளைக் கம்பெனியான ஃபயர்ஸ்டோன் அதே மைதானத்தின் அமெரிக்கப் பந்தயங்களுக்கு டயர் கொடுத்துவந்ததால், புதுத் தளத்தின் குணம் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் என்பது பொதுவான அபிப்பிராயம்.

வளைவுக்கு முன்னே தடுப்புகளை வைத்து வேகத்தைத் தணிக்கலாம் என்று ஒன்பது அணிகள் கூடிச் சொல்லின. ஃபெராரி அதில் சேரவில்லை. பந்தய விதிகளை வகுக்கும் உலக சம்மேளனமோ, ஒரு சாராரின் டயர் குறைபாட்டுக்காகப் பாதையை மாற்றுவது சரியான டயரோடு வந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று மறுத்துவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சமரசத்துக்கு மட்டும் இடமில்லாமற்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 19. நம் நாட்டில் நள்ளிரவை ஒட்டிய வேளையில் தொலைக்காட்சி முன் விழித்திருந்தவர்கள் கண்டது இதுதான்: 20 கார்களும் வரிசையாக அணிவகுப்புச் சுற்று சென்றன, சுற்றின் முடிவில், மிஷெலின் டயர் பூண்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, பணிமனைச் சந்துக்குள் நுழைந்துவிட்டன. அகன்ற பாதையில் தொடக்கக் கோட்டில் எஞ்சி நின்றவை ஆறே கார்கள். ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. அந்த ஆறில் ஒன்றில் நம் கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

விளக்குகள் அணைந்தன, பந்தயம் நடந்தது, 73 சுற்று. கூட்டம் ஊளையிட்டது, பாட்டில்களும் பீர் டப்பாக்களும் பாதையில் வந்து விழுந்தன, பலர் எழுந்து வெளியேறிவிட்டார்கள். பணிமனையிலிருந்து வெளிவந்த ஃபெராரி ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கருக்கும் எதிர்ப்பட்ட அவருடைய அணித் தோழர் பாரிக்கெல்லோவுக்கும் முதல் வளைவில் நேர்ந்த நெருக்கம் ஒன்றே அன்றைக்குப் போட்டி என்று சொல்லத்தக்கது. ஷூமாக்கர் முதலிலும் பாரிக்கெல்லோ இரண்டாவதாகவும் வந்தார்கள். மூன்றாமிடம் பெற்ற ஜோர்டான் ஓட்டுநர் டியாகோ மொன்டெய்ரோ, ஃபெராரிக்காரர்கள் மௌனமாக இறங்கிப் போன மேடையில் தாம் ஒருவராக நின்று ஷாம்பேனைத் தூவி மகிழ்ந்தார். நான்காமிடம் நரேன் கார்த்திகேயனுக்கு. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் புள்ளி பெற்றது அதுவே முதல் தடவை; ஐந்து புள்ளிகள்.

அந்த ஐந்து புள்ளிகளை இலவசப் புள்ளிகள் என்று இழித்துப் பேசுவோர் நம்மிடையே அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது சரியன்று என்பதே இந்தத் தொடரின் துணிபு. ஒரே தொகுதி டயரில் 73 சுற்று, சுவர் ஒட்டிய பாதையில், வெறுப்போடு பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே, பிழையின்றி ஓட்டி முடித்தவருக்கு அது உரியதே. பந்தயம் சுவையற்றுப் போனதற்கு ஓட்டிய அறுவர் பொறுப்பாளிகளல்லர். வந்திருந்த ஜனங்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவும், மறு ஆண்டுக்கு 20,000 டிக்கெட்டுகளை வாங்கி வழங்கவும் மிஷெலின் முன்வந்தது. 2006-இன் முடிவில் ஃபார்முலா ஒன்னை விட்டே விலகிற்று. பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றும் உரிமையும் 2006-இல் மீண்டது.

இதற்குப் பின் நரேன் ஏ1 கிராண்ட் பிரி என்னும் தேசங்களுக்கிடையேயான பந்தயத்தில் இந்தியாவின் காரை ஓட்டினார். எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரிக் கார், ஒரே மாதிரி டயர். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சுமார் 520 குதிரைத்திறனுள்ள என்ஜின் சிறிது நேரம் 550 வரை எழும்பும். இத்தனை தடவைதான் அழுத்தலாம் என்று கணக்கு உண்டு. துரத்துகிறவனுக்கும் அது கிடைக்கும், துரத்தப்படுகிறவனுக்கும் கிடைக்கும். எதிரி எப்போது அழுத்துவான், நாம் எதைச் சேமிப்பது என்னும் யூகம் சதுரங்கக் காய் நகர்த்தல்போல் நடந்தது. 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் அவர் வென்றார். 2008-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வென்றார். முந்துவதற்கு உதவும் கருவிகளில் கௌரவமானது எது என்று கேட்டால், இருவர் கையிலும் இருந்து, இருவருக்கும் அளவோடு தீரும் கருவியே என்பதற்கு இந்தப் பொத்தானைச் சாட்சியாகக் காட்டலாம்.

ஃபார்முலா ஒன் வேறு வழியில் போயிற்று. 2010-இல் நடுவழியில் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் டயரோ தேயவே மறுத்தது. மோன்சாவில் வெட்டல் என்னும் ஓட்டுநர் கடைசிக்கு முந்தின சுற்று வரை ஒரே டயரில் ஓடிவிட்டு, விதிக்காக மட்டும் நின்று மாற்றிக்கொண்டார் என்றால் அதன் உறுதியை ஊகிக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஜூனில், கனடாவின் மாண்ட்ரியாலில், அந்த டயர்களே எதிர்பாராதபடி கரைந்து உதிர, திட்டங்களெல்லாம் தலைகீழாகி, பந்தயம் வெகு ருசியாக அமைந்துவிட்டது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் அன்று களத்தில் இருந்தார். தற்செயலாய்க் கிடைத்த அந்த ருசியை வேண்டுமென்றே சமைக்க முடியாதா என்று நினைத்தார்கள். 2011 முதல் டயர் தரும் பொறுப்பேற்ற இத்தாலியக் கம்பெனியான பிரெல்லியிடம், மாண்ட்ரியாலைப்போல் தேய்கிற டயரைச் செய்து தரும்படி கேட்டுக்கொண்டார்கள். நல்ல சரக்கு செய்யத் தெரிந்தவனிடம் சீக்கிரம் கெடுகிற சரக்கைக் கேட்பது ஏரிப்பாக்கத்து ஷிஃப்டுக்குப் போய்வரும் தொழிலாளிக்கு நம்பமுடியாததாய் இருக்கலாம். பந்தயத்தின் தர்மம் அப்படி.

அதோடு நிற்கவில்லை. பின் இறக்கையின் ஒரு தகடு நேர்ப்பாதையில் திறந்துகொள்ளும்படி செய்து, அதனால் காற்றின் தடை குறைந்து கார் விரைய வழிவகுத்தார்கள். ஓட்டுநர்கள் டி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைத்தது இதைத்தான். குறித்த இடத்தில் முன்னவனுக்கு ஒரு விநாடிக்குள் நெருங்கியவனுக்கு மட்டும் அந்த உரிமை. முன்னே போகிறவன் தன் இறக்கையைத் திறந்து எதிர்க்க முடியாது. 2010 நவம்பர் 14 அன்று அபுதாபியில், அலோன்சோ ஏறத்தாழ 40 சுற்றுகள் பெட்ரோவுக்குப் பின்னால் சிக்கித் தவித்து, ஏழாவதாக வந்து சாம்பியன் பட்டத்தை இழந்ததே இந்த விதிக்குக் காரணமென்று பலர் சொல்வதுண்டு. காலக்கிரமம் அதற்கு இடம் தரவில்லை. விதி அந்த ஆண்டு ஜூனிலேயே முடிவாகிவிட்டது. எனினும் அபுதாபியில் அந்தக் காட்சியைக் கண்ட பிறகு அதை எதிர்த்துப் பேச ஆளில்லாமற்போயிற்று என்பது வாஸ்தவம்.

2011-இல் எச்.ஆர்.டி. என்னும் சிறு அணியின் காரில் நரேன் திரும்பி வந்தார். இறக்கை முதன்முதல் திறந்த மெல்போர்ன் பந்தயத்தில் அவ்வணியின் இரு கார்களும் தகுதி நேரத்தை எட்டாமல் வெளியே நின்றன. அந்த ஆண்டு முழுதும் முந்துதல்கள் மலிந்தன. நேர்ப்பாதையில் பின்னவன் இறக்கை திறந்து விரைந்து, வளைவு வருமுன்னரே கடந்துவிடுவதைப் பார்க்கையில் எண்ணிக்கை கூடிற்று, படபடப்புக் கூடவில்லை. கடப்பவனுக்கும் காப்பவனுக்கும் நடுவே நிகழ வேண்டிய மல்லுக்கட்டு அங்கே நிகழாமலே முடிவு தெரிந்துவிடுகிறது. அபுதாபியில் அலோன்சோ பட்ட வேதனையில்கூட, அடுத்த வளைவிலாவது வழி பிறக்காதா என்று பார்க்கிறவன் உள்ளம் தவிக்க இடமிருந்தது.

இதற்கு நேர்மாறான நாள் ஒன்று நரேனின் சரித்திரத்தில் வருகிறது. 2012 மார்ச் 25, மலேசியாவின் செப்பாங். மழை இறங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்காரர்கள் நடுத்தர ஈரத்துக்கான டயரோடு புறப்பட, கடைசி வரிசையில் நின்ற நரேன், ஆழப் பட்டன் வெட்டிய முழு மழை டயரோடு புறப்பட்டார். மழை வலுத்தது. ஒவ்வொருவராய் டயர் மாற்ற உள்ளே ஓட, அவர் நிற்காமல் முன்னேறினார். மழை தாங்காமல் பந்தயம் நிறுத்தப்பட்டபோது, 24 கார்களில் மிக மெதுவானவை என்று கருதப்பட்ட கார்களுள் ஒன்று பத்தாம் இடத்தில் நின்றது! ஈரத்தில் இறக்கை திறக்க அனுமதியில்லை. ஆகவே அன்று அவருக்கு உதவியது டயர்த் தேர்வு ஒன்றே. பாதை உலர்ந்ததும் பெரிய அணிகள் அவரைக் கடந்து சென்றுவிட்டன; பிற்பாடு ஒரு சுற்று முன்னேறி வந்த வெட்டல் கடக்கும்போது இரு கார்களும் உரசி, வெட்டலின் பின் டயர் கிழிந்து, அவர் புள்ளிகளை இழந்தார். நரேனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அந்த உரசலைத்தான் பெரிதாக எழுதின. நாம் எழுத வேண்டியது அந்தப் பத்தாம் இடத்தை.

தேயும் டயருக்கும் எல்லை உண்டென்பதை 2013 காட்டிற்று. ஜூன் 30 அன்று சில்வர்ஸ்டோனில், முதலிடத்தில் சென்ற ஹாமில்டனின் டயர் வெடித்தது. பிறகு மாஸா, வெர்ன், பெரெஸ் ஆகியோருடையவை. தேய்வது வேறு, வெடிப்பது வேறு. உள்ளமைப்பை மாற்றி அபாயத்தைப் போக்கினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று டில்லிக்கு அருகே புத்த் பாதையில் நடந்த இந்திய கிராண்ட் பிரியிலோ, சீக்கிரம் தேயும் மென் டயரில் முதலாவதாகப் புறப்பட்ட வெட்டல், இரண்டாம் சுற்றிலேயே உள்ளே வந்து நடுத்தரக் கடினமுள்ள டயர் மாட்டிக்கொண்டு, பின்வரிசைக் கூட்டத்துக்குள் விழுந்து, ஒவ்வொருவராய்க் கடந்து வந்து வென்று நான்காம் பட்டம் சூடினார். அந்த ஆட்டம் டயரால் விளைந்த நல்ல நாடகம். அதற்குப் பின் இந்நாட்டில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெறவில்லை.

நரேன் 2014-இல் ஜப்பான் சென்று சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டலானார். அங்கும் ஒரு பொத்தான். பந்தயத்தில் ஐந்து முறை, முறைக்கு 20 விநாடி, என்ஜினுக்கு எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் பாயும். அழுத்தினவனுடைய தலைக்கு மேலுள்ள விளக்கு அதைப் பிறருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். காப்பவனும் உடனே தன் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லலாம். 2019 நவம்பர் 24 அன்று ஃபூஜி மலையடிவாரத்தில், ஜெர்மானியக் கார்களையும் ஜப்பானியக் கார்களையும் பொது டயரில் ஒன்றுசேர்த்து நடத்திய பந்தயத்தில், ஹோண்டா காரில் அவர் முதலாவதாக வந்தார்.

ஃபார்முலா ஒன்னின் திறக்கும் இறக்கை 2011 முதல் 2025 வரை பதினைந்து பருவங்கள் வாழ்ந்தது. 2026-இன் விதியில் நேர்ப்பாதையில் இறக்கையைத் தாழ்த்தும் உரிமை முன்னவன், பின்னவன் என்ற பேதமின்றி எல்லோருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. ஒரு விநாடிக்குள் நெருங்கியவனுக்குக் கூடுதல் மின்விசை மட்டும் சலுகை. அதை எப்போது செலவிடுவது என்பது அவன் விவேகத்தைப் பொறுத்தது. டயரும் சற்றுக் குறுகிவிட்டது. ஜுஹாயின் பொத்தானுக்கு அருகே வந்துவிட்டார்கள். காப்பவன் கையில் இன்னும் சமமான பதில் கொடுக்கப்படவில்லை. அதையும் கொடுத்தாலொழிய இந்த வழக்கு தீராது.

அடுத்த பகுதியில், 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மின்விளக்கொளியில் நடந்த வீதிப் பந்தயத்தையும், 2022-இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை எம்.ஆர்.எஃப். டயர் வென்றெடுத்த வகையையும் பார்ப்போம்.

(தொடரும்)